மதிலைக் கடந்த மணியோசை

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டி. அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்து கிடக்கும் வானம்பார்த்த கரிசல் பூமியில் அதுவும் ஓர் ஊர். என் தாத்தா ஆடு வளர்த்தவர். பொழுது சாயும் வேளையில் ஓர் ஆடு பட்டிக்குத் திரும்பவில்லை என்றால் அவர் பதறமாட்டார். கண்மாய்க் கரையில் ஏறி நின்று கண்களை மூடிக்கொள்வார். சீமைக்கருவேலம் புதருக்குள் எங்கோ கிணுங்கும் கழுத்து மணியை, தலையைச் சற்றே இப்புறமும் அப்புறமும் திருப்பிச் செவிமடுப்பார். பிறகு கையை நீட்டுவார். அவர் காட்டிய திசையில் ஆடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அதன் ஓசையைக் கொண்டு கண்டறியும் அந்த வித்தையை நான் பல மாலைப் பொழுதுகளில் வியந்து பார்த்திருக்கிறேன்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே வித்தையை ஒரு மருந்துக் கிடங்கில் மீண்டும் கண்டேன். என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர் அங்கே மேற்பார்வையாளராகப் பணிபுரிகிறார். கூரையைத் தொடும் இரும்பு அடுக்குகள்; அவற்றில் ஆயிரக்கணக்கான அட்டைப்பெட்டிகள். ஒரு குறிப்பிட்ட தொகுதி மருந்தை உடனே திரும்பப் பெற வேண்டும் என்று அறிவிப்பு வந்தால், முன்பெல்லாம் விடிய விடியத் தேட வேண்டியிருக்குமாம். தேடித் தவறவிட்ட ஒரே ஒரு பெட்டிகூட எங்கோ ஒரு நோயாளியின் உயிரோடு விளையாடிவிடும் என்று அவர் கவலையோடு சொன்னார். இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் தபால்தலை அளவில் ஒரு வில்லை ஒட்டப்பட்டிருக்கிறது. கூரையில் பலகை போன்ற ஆன்டெனாக்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பெட்டியின் எண்ணைக் கணினியில் தட்டியதும், எந்த அடுக்கில், எந்தத் தட்டில் அது இருக்கிறது என்று திரை காட்டியது.

அந்த வில்லைக்குள் மின்கலம் இல்லை. ஆன்டெனா அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே தனக்கு வேண்டிய சிறிதளவு ஆற்றலை எடுத்துக்கொண்டு, தன் எண்ணை அந்த அலையின் மீதே எழுதித் திருப்பி அனுப்புகிறது. சுங்கச்சாவடிகளில் வாகனங்களின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் வில்லையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான்.

கம்பியின்றி அலையை அனுப்பி ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று முதலில் காட்டியவர் யார் என்று என் பழைய மாணவரிடம் கேட்டேன். தயங்காமல் மார்க்கோனி என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் அந்தப் பெயரை மட்டுமே எழுதிப் பழகியவன் நான்தான். எழுதாமல் விட்ட பெயரை இன்று எழுதுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அவர் ஜகதீச சந்திர போஸ். நவம்பர் 30 அவர் பிறந்த நாள்.

இன்று வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் 1858-ஆம் ஆண்டு போஸ் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் துணை நீதிபதியாக இருந்தவர். அந்தப் பதவியில் இருந்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே வழக்கம். பகவான் சந்திரரோ மகனை வங்கமொழிப் பள்ளியில் சேர்த்தார். அன்னிய மொழியைக் கற்குமுன் தாய்மொழியையும் தன் மண்ணின் மக்களையும் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. வகுப்பில் சிறுவன் போஸின் ஒரு பக்கத்தில் தந்தையின் பணியாளரான ஓர் இசுலாமியரின் மகனும், மறுபக்கத்தில் ஒரு மீனவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தமக்குள் விதைத்தன என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்தார்.

கொல்கத்தாவின் புனித சேவியர் கல்லூரியில் லாஃபோன் என்னும் பாதிரியார் இயற்பியலைச் செய்து காட்டிக் கற்பித்தார். 1880-இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்ற போஸை விடாக் காய்ச்சல் வாட்டியது. பிண அறுவைக் கூடத்தின் நெடி அதை மேலும் கூட்டியது. மருத்துவத்தை விட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்களுள் ஒருவர் ராலே பிரபு. அந்த ஆசிரிய உறவு வாழ்நாள் முழுதும் நீடித்தது.

1885-இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் போஸ் சேர்ந்தார். அங்கேதான் அவர் வாழ்வின் முதல் போராட்டம் காத்திருந்தது. ஒரே பணியைச் செய்யும் ஆங்கிலேயருக்குக் கிடைத்த ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதியே அவருக்கு வழங்கப்பட்டது. அவர் வேலையை விடவில்லை. வீதியில் இறங்கவும் இல்லை. மூன்று ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் வகுப்பெடுத்தார். ஊதியத்தை மட்டும் தொடவில்லை. தொழில் முயற்சிகளில் பொருளிழந்து தந்தை கடனில் மூழ்கியிருந்த காலம் அது. 1887-இல் திருமணமும் நடந்திருந்தது. இறுதியில் நிர்வாகம் இறங்கி வந்தது. நியமனம் நிரந்தரமாக்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்கான முழு ஊதியமும் பின்தேதியிட்டு வழங்கப்பட்டது. அந்தத் தொகை தந்தையின் கடனை அடைக்கப் போயிற்று.

அவர் மணந்த அபலா தாஸுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. பெண்களுக்கு மருத்துவக் கல்வியின் கதவுகள் வங்கத்தில் மூடியிருந்த காலத்தில், 1882-இல் வங்க அரசின் உதவித்தொகையோடு சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் படிக்க வந்தவர் அவர். உடல்நலக் குறைவால் பாதியில் திரும்ப நேர்ந்தது. பிற்காலத்தில் வங்கத்தின் பெண் கல்விக்கும் கைம்பெண்களின் வாழ்வுக்கும் பெருந்தொண்டு ஆற்றினார். ஊதியமில்லாத அந்த நாள்களில் கணவரின் உறுதி குலையாமல் காத்ததில் அவருக்கும் பங்குண்டு.

ஒளியும் மின்காந்த அலையே என்பதை மேக்ஸ்வெல் கணக்கால் காட்டினார். அத்தகைய அலைகளைச் செயற்கையாக உண்டாக்க முடியும் என்பதை 1880-களின் இறுதியில் ஹெர்ட்ஸ் செய்தே காட்டினார். 1894-இன் முதல் நாளில், 36 வயதில் ஹெர்ட்ஸ் மறைந்தார். அவரது பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் ஆற்றிய உரை நூலாக வந்து போஸின் கையை எட்டியது. அதே ஆண்டு நவம்பர் 30-இல், தமது 36-ஆம் பிறந்தநாளில், இனி எஞ்சிய வாழ்வு ஆராய்ச்சிக்கே என்று போஸ் உறுதி பூண்டார்.

உறுதி இருந்தது, ஆய்வுக்கூடம் இல்லை. கல்லூரியில் அவருக்குக் கிடைத்தது 24 சதுர அடிச் சிற்றறை. கருவி வாங்கப் பணமும் இல்லை. தகர வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளி ஒருவரைப் பழக்கி, வேண்டிய கருவிகளைத் தாமே வடிவமைத்துச் செய்வித்தார். ஹெர்ட்ஸின் கருவிகளில் பிறந்தவை நீண்ட அலைகள். ஒளியின் இயல்புகளை அந்த அலைகளிலும் காண வேண்டுமானால் அவற்றைக் குறுக்க வேண்டும் என்று போஸ் கருதினார். நீண்ட அலைக்கு அறை அளவில் கண்ணாடியும் முப்பட்டகமும் வேண்டும். குறுகிய அலைக்கு மேசை மேல் வைக்கும் கருவியே போதும். 25 மில்லிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளை அவர் உண்டாக்கினார். உலகில் வேறெவரும் அன்று அவ்வளவு குறுகிய அலைகளை அத்தனை நேர்த்தியாகக் கையாளவில்லை. அலைகளைச் சேர்த்துத் தர அவர் அமைத்த புனல் வடிவக் குழல், இன்று கொம்பு ஆன்டெனா என்னும் பெயரில் உலகமெங்கும் புழங்குகிறது.

வறுமை அவர் கற்பனையைக் கூர்மையாக்கியது என்றே சொல்ல வேண்டும். அலைகளை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் வடிகட்டி தேவைப்பட்டபோது, தடித்த ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கங்களுக்கு இடையே ஈயத்தாள் செருகி அதையே கருவியாக்கினார். சில பொருள்கள் அந்தத் தளத்தைத் திருப்புவது எப்படி என்று விளக்க, சணல் நாரை முறுக்கிக் கட்டுகளாக வைத்துச் சோதித்தார். வலப்பக்கம் முறுக்கிய சணல் அலையை ஒரு பக்கம் திருப்பியது. இடப்பக்கம் முறுக்கியது மறுபக்கம் திருப்பியது. நெசவும் நூற்பும் அறிந்த அருப்புக்கோட்டைப் பக்கத்து மாணவர்களிடம் இதைச் சொல்லியிருந்தால், அலை இயற்பியலை அவர்கள் இன்னும் நெருக்கமாக உணர்ந்திருப்பார்கள். நான் சொல்லவில்லை.

1895-இல் கொல்கத்தா நகர மண்டபத்தில், வங்கத்தின் துணைநிலை ஆளுநர் முன்னிலையில் போஸ் ஒரு செய்முறை விளக்கம் நடத்தினார். ஓர் அறையிலிருந்து கிளம்பிய அலை, இடையில் இருந்த சுவர்களையும் அங்கே அமர்ந்திருந்த ஆளுநரின் உடலையும் ஊடுருவிச் சென்று, தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தது. சிறிதளவு வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. மார்க்கோனி தமது முதல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இதற்குப் பிறகு, 1896-இல்தான். அந்த 1896-இல் லண்டன் பல்கலைக்கழகம் போஸுக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனின் புகழ்பெற்ற வெள்ளி மாலை உரையை அவர் நிகழ்த்தினார்.

அலையை அனுப்பினால் போதாது. வந்து சேர்ந்ததை உணர வேண்டும். 1899-இல் இரும்பையும் பாதரசத்தையும் கொண்ட ஓர் உணர்கருவியைப் பற்றி போஸ் ராயல் சொசைட்டியில் ஆய்வுரை வெளியிட்டார். 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த சமிக்ஞையைக் கேட்க மார்க்கோனி பயன்படுத்தியது அதே வகைக் கருவிதான் என்பதைப் பின்னாளில் பொறியியல் வரலாற்றாய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். 1909-இல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் சென்றது.

இதில் மார்க்கோனியைத் திருடர் என்று தூற்றுவதும், வானொலி முழுவதையும் போஸே கண்டுபிடித்தார் என்று முழங்குவதும் நியாயமல்ல. இருவரின் நாட்டமும் வேறு வேறு. மார்க்கோனி கடல் கடக்க விரும்பினார். அதற்கு நீண்ட அலைகள் வேண்டும். போஸின் மில்லிமீட்டர் அலைகள் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவைச் சுற்றிச் செல்லாதவை. அதனால் தந்தி நிறுவனங்களுக்கு அவை பயன்படவில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவற்றைப் பலரும் மறந்தனர்.

போஸ் பணத்தை நாடாததும் மறதிக்கு ஒரு காரணம். 1901-இல் லண்டனில், அவரது உணர்கருவிக்குக் காப்புரிமை பெற்று லாபத்தில் பங்கு தருவதாக ஒரு தொழிலதிபர் வேண்டினார். போஸ் மறுத்தார். அறிவைப் பூட்டி வைத்து விற்பதில் அவருக்கு உடன்பாடு இல்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்ட உணர்கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டு, 1904-இல் கிடைத்தது. குறைக்கடத்திக் கருவி ஒன்றுக்குக் கிடைத்த முதல் காப்புரிமை அது. அதன் பயனையும் அவர் நாடாமல் காலாவதியாக விட்டுவிட்டார்.

பிறகு அவர் கவனம் தாவரங்களின் பக்கம் திரும்பியது. உணர்கருவிகள் தொடர்ந்து உழைத்தால் சோர்வதையும், ஓய்வுக்குப் பின் தெளிவதையும் கண்டு, உயிருள்ளவற்றோடு அவற்றை ஒப்பிடத் தொடங்கினார். செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். அந்த ஆய்வுகளின் முடிவுகள் சில அன்றே கடும் விவாதத்துக்கு உள்ளாயின. எல்லாவற்றையும் இன்றைய அறிவியல் ஏற்பதில்லை. தாவரங்களில் மின்சமிக்ஞைகள் ஓடுகின்றன என்ற அடிப்படை உண்மையோ நிலைத்துவிட்டது. 1917-இல், தமது பிறந்தநாளான நவம்பர் 30 அன்றே, கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23 அன்று, 79 வயது நிறைய ஒரு வாரமே இருந்தபோது, கிரிதியில் மறைந்தார்.

இத்தனைக்கும் இடையே தாய்மொழியில் எழுதுவதை அவர் விடவில்லை. வங்கமொழியில் அவர் எழுதிய அறிவியல் கட்டுரைகள் 1921-இல் நூலாயின. 1896-இல் அவர் எழுதிய ஒரு கற்பனைக் கதை, வரப்போவதாக எச்சரிக்கப்பட்ட புயலொன்று காணாமற்போனதைப் பற்றியது. காணாமற்போனதைத் தேடுவது அவர் இயல்பிலேயே இருந்தது போலும்.

மருந்துக் கிடங்குக்குத் திரும்புவோம். ஆன்டெனாக்களை ஏன் வரிசையாக வைக்க வேண்டும்? கண்மாயில் ஒரு கல்லை எறிந்தால் அலைவட்டம் பரவும். கரையோரம் இரண்டு குச்சிகளை நட்டு வைத்தால், கல் விழுந்த இடத்துக்கு அருகில் உள்ள குச்சியை அலை முதலில் தொடும். எந்தக் குச்சியை எவ்வளவு முந்தித் தொட்டது என்று தெரிந்தால், கல் விழுந்த திசை தெரிந்துவிடும். ஆன்டெனா வரிசை செய்வதும் அதுதான். வில்லையிலிருந்து திரும்பும் அலையின் ஏற்ற இறக்கம் ஒவ்வொரு ஆன்டெனாவையும் சிறு வேறுபாட்டோடு அடைகிறது. அந்த வேறுபாட்டிலிருந்து திசை கணக்கிடப்படுகிறது. இரு வேறு இடங்களிலிருந்து இரண்டு திசைகள் கிடைத்தால், அவை வெட்டும் புள்ளியில் பொருள் இருக்கிறது. என் தாத்தாவின் இரண்டு காதுகளும் ஓர் ஆன்டெனா வரிசைதான்.

வெட்டவெளியில் எளிதான இந்தக் கணக்கு நான்கு சுவருக்குள் கடினமாகிறது. கண்மாய்க் கரையில் மோதிய அலை திரும்பி வந்து குழப்புவதுபோல, இரும்பு அடுக்கிலும் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் போலித் திசைகளைக் காட்டும். வானிலிருந்து வழிகாட்டும் ஜி.பி.எஸ். சமிக்ஞை கூரைக்குள் வலுவிழந்துவிடுவதால் அதையும் நம்ப முடியாது. அதனால் இடமறிந்த சில வில்லைகளை அடையாளக் கற்கள்போல ஆங்காங்கே பதித்து, தேடும் வில்லையின் சமிக்ஞை அவற்றுள் எதனுடையதை ஒத்திருக்கிறது என்று ஒப்பிடும் முறைகளை ஆய்வாளர்கள் வகுத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இத்தகைய வில்லைகள் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்குகின்றன. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 35 செ.மீ. வரிசையில் உள்ள ஆன்டெனாக்களுக்கு இடையே பொதுவாக அலைநீளத்தில் பாதி இடைவெளி விடுவார்கள். அதனால் எட்டு ஆன்டெனா கொண்ட வரிசைக்கே ஒரு மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். போஸ் கையாண்ட 5 மில்லிமீட்டர் அலை என்றால் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு வரிசையே உள்ளங்கைக்குள் அடங்கும். 5ஜி சேவைக்காக நம் நாட்டில் 2022-இல் ஏலம் விடப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர். போஸ் தம் சிற்றறையில் ஆண்ட எல்லைக்குள்தான் அது வருகிறது. கடல் கடக்க உதவாத அலை என்று ஒதுக்கப்பட்டது, அறைக்குள் நுட்பமாக இடம் காண உதவும் அலையாகத் திரும்பி வந்திருக்கிறது.

விடைபெறும்போது என் மாணவர் கழுத்தில் தொங்கிய பணியாளர் அட்டையைத் தொட்டுக் காட்டினார். அதற்குள்ளும் ஒரு வில்லை. எந்த வாசலை எப்போது கடந்தார், எவ்வளவு நேரம் இருக்கையில் இல்லை என்பதெல்லாம் பதிவாகிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை. மருந்துப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அறிவது நோயாளியின் உரிமையைக் காக்கும். உழைப்பவர் ஒவ்வொரு நிமிடமும் எங்கே நிற்கிறார் என்று அறிவது யாருடைய உரிமையைக் காக்கும்? உழைப்புக்குச் சமமான மதிப்பைக் கேட்டு மூன்று ஆண்டுகள் ஊதியத்தைத் தொடாமல் இருந்த ஒருவரின் அலை, உழைப்பவரின் மதிப்பைக் குறைக்கும் கருவியாகிவிடக் கூடாது. எதற்கு வில்லை ஒட்டலாம், யாருக்கு ஒட்டக் கூடாது என்பதற்கான வரம்பைச் சட்டமும் நிர்வாகமும் தெளிவாக வகுக்க வேண்டும்.

பள்ளிகளுக்கும் ஒரு கடமை உண்டு. நான் பணியாற்றிய பள்ளியில் ஆய்வகக் கருவிகள் பெரும்பாலும் பூட்டிய அலமாரியில்தான் இருந்தன. உடைந்துவிடும் என்ற அச்சம் ஒரு காரணம். கருவி போதாது என்ற சாக்கு மறு காரணம். அந்தச் சாக்கை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். 24 சதுர அடி அறையும், ஒரு தகரத் தொழிலாளியும், ஒரு பழைய கால அட்டவணையும், கொஞ்சம் சணலும் போதும் என்று காட்டிய மனிதரின் வாழ்க்கையை அப்போது முழுமையாகப் படித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு ஆட்டு மணி தெரியும். கண்மாய் அலை தெரியும். நூலின் முறுக்கு தெரியும். அவற்றிலிருந்து, அவர்கள் பேசும் தமிழிலேயே அலை இயற்பியலைத் தொடங்கலாம்.

எங்கள் ஊரில் இப்போதும் மாலையில் ஆட்டு மணி கேட்கிறது. இந்த நவம்பர் 30 அன்று ஊர்ப் பிள்ளைகள் சிலரைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்று, கண்களை மூடி அந்த மணியோசையின் திசையைச் சொல்லச் சொல்லப்போகிறேன். அதன் பிறகு, சுவரைக் கடந்து சென்று கொல்கத்தாவில் ஒலித்த இன்னொரு மணியின் கதையைச் சொல்வேன். முப்பது ஆண்டுகள் தாமதமாகச் செலுத்தும் கடன் அது.